மாறுவதும் மாறாததும்

1949 மே 6 அன்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் எட்சாக் என்ற கணினி தன் முதல் நிரலை ஓட்டி, எண்களின் வர்க்கங்களை வரிசையாக அச்சிட்டது. அதன்பின் பல துறை ஆய்வாளர்கள் அதில் கணக்குப் போட வந்தார்கள். அவர்களுடைய கேள்விகள் வேறுவேறு. ஆனால் வர்க்கமூலம் காண்பது, சைன் மதிப்பு காண்பது, விடையை அச்சிடுவது போன்ற வேலைகள் எல்லாருக்கும் பொது. ஒவ்வொருவரும் அவற்றைப் புதிதாக எழுதினால் உழைப்பும் வீண், பிழையும் பெருகும். மாரிஸ் வில்க்ஸ், டேவிட் வீலர், ஸ்டான்லி கில் ஆகியோர் அந்தப் பொது வேலைகளைத் துணைநிரல்களாக எழுதி, காகித நாடாவில் துளையிட்டு, ஒரு நூலகமாகச் சேர்த்தார்கள். 1951இல் அதைப் பற்றி நூலும் வெளியிட்டார்கள். மறு ஆண்டு எழுதிய கட்டுரையில் வீலர் ஒரு கருத்தை முன்வைத்தார்: துணைநிரலை எழுதிச் சோதித்த பிறகும் ஒரு வேலை மிச்சமிருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாதவரும் அதை எளிதாகப் பயன்படுத்தும்படி விவரிக்க வேண்டும். எல்லாவற்றிலும் கடினமானது அதுவாகவே இருக்கலாம்.

கணக்குக்குப் பொருந்திய இந்தப் பாடம், கணினிகளைப் பராமரிக்கும் தொழிலுக்கு வந்துசேர வெகுகாலம் ஆயிற்று. நிரல் எழுதுபவர்கள் துணைநிரல்களை அடுக்கிக்கொண்டிருந்த காலத்திலும், சர்வரை அமைப்பவர்கள் ஒவ்வொரு இயந்திரத்திலும் தனித்தனியாக நுழைந்து கட்டளைகளைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார்கள். அந்த வேலையைச் சொற்களாக்கிச் சேமிப்பது எப்படி, ஒரு சொல்லை எங்கே வெட்டி எங்கே திறந்துவிடுவது என்பதுதான் இந்த அத்தியாயத்தின் பொருள்.

கட்டளையிலிருந்து நிலைக்கு

கையால் செய்யும் பராமரிப்பின் ஆபத்தை அமெரிக்கப் பங்குச் சந்தை 2012 ஆகஸ்ட் 1 அன்று பார்த்தது. நைட் கேபிடல் என்ற பங்கு வணிக நிறுவனம் தன் எட்டு சர்வர்களில் புதிய நிரலை ஏற்றியபோது, ஒன்றில் மட்டும் அது ஏற்றப்படவில்லை. அந்த எட்டாவது சர்வரில் மறக்கப்பட்டுக் கிடந்த பழைய நிரல் விழித்துக்கொண்டது. சுமார் 45 நிமிடங்களில் லட்சக்கணக்கான தேவையற்ற ஆணைகள் சந்தைக்குப் போயின. நிறுவனம் இழந்த தொகை 46 கோடி டாலருக்கும் மேல் என்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் பதிவு செய்திருக்கிறது. எட்டு இயந்திரங்களும் ஒன்றுபோல இருக்கின்றன என்று எல்லாரும் நம்பினார்கள். அந்த நம்பிக்கையைத் தானாகச் சரிபார்க்கும் ஏற்பாடு இல்லை.

இப்படிப்பட்ட ஏற்பாட்டுக்கான சிந்தனை அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முன்பே தொடங்கிவிட்டது. இயற்பியலாளரான மார்க் பர்ஜஸ், ஆஸ்லோவில் பலவகை யூனிக்ஸ் கணினிகளைப் பராமரிப்பதற்காக 1993இல் சிஎஃப்எஞ்சின் என்ற கருவியை எழுதினார். "இதைச் செய், பிறகு அதைச் செய்" என்று படிகளைச் சொல்லாமல், "இயந்திரம் இந்த நிலையில் இருக்க வேண்டும்" என்று மட்டும் சொல்வது அதன் அடிப்படை. இயந்திரம் எந்த நிலையிலிருந்து தொடங்கினாலும் கருவி அதை விரும்பிய நிலையை நோக்கிக் கொண்டுவரும். ஏற்கெனவே அந்த நிலையில் இருந்தால் எதையும் தொடாது.

ஒரு செயலை எத்தனை முறை செய்தாலும் ஒருமுறை செய்த விளைவே நிற்கும் என்ற இந்தப் பண்புக்குக் கணிதத்தில் ஐடெம்பொடென்ஸ் என்று பெயர். 1870இல் பெஞ்சமின் பியர்ஸ் இயற்கணிதத்துக்காக உருவாக்கிய சொல் அது. "கோப்பின் கடைசியில் ஒரு வரியைச் சேர்" என்ற கட்டளையை நூறு முறை ஓட்டினால் நூறு வரிகள் சேரும். "கோப்பில் இந்த வரி இருக்க வேண்டும்" என்ற கூற்றை நூறு முறை ஓட்டினாலும் ஒரே வரிதான் இருக்கும்.

சிஎஃப்எஞ்சினைப் பயன்படுத்திப் பழகிய லூக் கேனிஸ் 2005இல் பப்பெட் என்ற கருவியை வெளியிட்டார். இந்த அத்தியாயத்தில் நாம் எடுத்துக்கொள்ளும் கருவி அதுதான். ஒவ்வொரு சர்வரிலும் ஏஜென்ட் என்ற சிறு நிரல் இருக்கும். வேறுவிதமாக அமைக்காவிட்டால் 30 நிமிடங்களுக்கு ஒருமுறை அது மைய சர்வரிடம் தன் இயங்குதளம், நினைவகம், முகவரி போன்ற தகவல்களைச் சொல்லும். மைய சர்வர் அந்த இயந்திரம் எப்படி இருக்க வேண்டும் என்ற பட்டியலைத் தொகுத்து அனுப்பும். அந்தப் பட்டியலுக்குக் கேட்டலாக் என்று பெயர். ஏஜென்ட் இருப்பதையும் இருக்க வேண்டியதையும் ஒப்பிட்டு, வேறுபடும் இடத்தை மட்டும் மாற்றும்.

கேட்டலாக்கில் உள்ள ஒவ்வொரு உருப்படியும் ஒரு ரிசோர்ஸ். கோப்பு ஒரு வகை, மென்பொருள் பேக்கேஜ் ஒரு வகை, பின்னணியில் ஓடும் சேவை ஒரு வகை, பயனர் கணக்கு ஒரு வகை. இவை கருவியோடு கூடவே வருபவை. ஆனால் யாரும் "எனக்கு மூன்று கோப்புகளும் ஒரு சேவையும் வேண்டும்" என்று கேட்டு வருவதில்லை. "புதிய திட்டத்துக்கு ஒரு தரவுத்தளம் வேண்டும்" என்றுதான் கேட்பார்கள். அந்த வேண்டுகோளையே கருவிக்குப் புரியும் ஒரு வகையாக ஆக்க முடியுமா என்ற கேள்வி இங்கிருந்துதான் எழுகிறது.

ஒன்று இருப்பவை, பல இருப்பவை

பப்பெட்டில் பல ரிசோர்ஸ்களை ஒன்றாகக் கட்ட இரண்டு வழிகள் உண்டு. ஒன்று கிளாஸ். ஓர் இயந்திரத்தில் ஒரே ஒருமுறைதான் இருக்கக்கூடிய விஷயங்களுக்கு அது ஏற்றது. மைஎஸ்க்யூஎல் தரவுத்தள சர்வரை நிறுவுவது, அதன் அமைப்புக் கோப்பை எழுதுவது, சேவையை ஓடவிடுவது எல்லாம் ஒரு கிளாஸ். பத்து இடங்களிலிருந்து அதைச் சேர்க்கச் சொன்னாலும் ஒருமுறைதான் சேரும்.

மற்றொன்று டிஃபைன்ட் டைப், அதாவது நாமே வரையறுக்கும் வகை. ஒரே இயந்திரத்தில் பல இருக்கக்கூடியவற்றுக்கு இது. ஒரு மைஎஸ்க்யூஎல் சர்வருக்குள் நூலகத்துக்கு ஒரு தரவுத்தளம், கணக்குப் பிரிவுக்கு ஒன்று, மாணவர் சேர்க்கைக்கு ஒன்று என்று எத்தனையும் இருக்கலாம். பப்பெட்டின் அதிகாரபூர்வ மைஎஸ்க்யூஎல் மாட்யூலில் (பகிர்ந்து பயன்படுத்தும் குறிமுறைத் தொகுப்பில்) இதற்கென்றே ஒரு வகை வரையறுக்கப்பட்டிருக்கிறது. உண்மையான குறிமுறை ஆங்கில எழுத்துகளில்தான் இருக்கும். அதன் அமைப்பைத் தமிழில் எழுதிக் காட்டினால் ஏறக்குறைய இப்படி வரும்:

தரவுத்தளம் { 'நூலகம்':
  பயனர் => 'நூலகர்',
  கடவுச்சொல் => 'மறைவில் வைத்த மதிப்பு',
  எங்கிருந்து => 'இதே சர்வர்',
  உரிமைகள் => ['படிக்க', 'மாற்ற'],
}

இந்த ஆறு வரிகள் கேட்டலாக்கில் குறைந்தது மூன்று ரிசோர்ஸ்களாக விரிகின்றன. நூலகம் என்ற தரவுத்தளம் இருக்க வேண்டும். நூலகர் என்ற பயனர் இருக்க வேண்டும். அந்தப் பயனருக்கு அந்தத் தரவுத்தளத்தில் இந்த உரிமைகள் இருக்க வேண்டும். மூன்றாவது முதல் இரண்டையும் சார்ந்தது என்ற வரிசையும் உள்ளே அடங்கியிருக்கிறது. "நூலக மென்பொருளை இந்தத் தரவுத்தளத்துக்குப் பிறகுதான் தொடங்க வேண்டும்" என்று வெளியே எழுதினால், கருவி அதை உள்ளிருக்கும் மூன்று ரிசோர்ஸ்களுக்கும் பொருத்திக்கொள்ளும்.

வங்கியில் பணம் செலுத்தும் செலானை நினைத்துப் பாருங்கள். வங்கியின் பெயர், விதிகள், கையெழுத்திடும் இடம் எல்லாம் அச்சிலேயே இருக்கும். தேதி, கணக்கு எண், தொகை ஆகியவற்றுக்கு மட்டும் வெற்றிடம். நாம் வரையறுக்கும் வகையும் இப்படித்தான். அதன் உடல் அச்சடித்த பகுதி. அதன் பாராமீட்டர்கள் வெற்றிடங்கள். வகையை வரையறுப்பது என்றால், நம் தொழிலில் எது இடத்துக்கு இடம் மாறும், எது எங்கும் மாறக் கூடாது என்று முடிவெடுப்பது. குறிமுறை எழுதுவது அதற்குப் பிறகு வரும் வேலை.

ஒரு பொருளுக்கு ஒரு சொந்தக்காரர்

புதிதாக வகை வரையறுப்பவர்கள் எல்லாரும் ஒருநாள் சந்திக்கும் தடை ஒன்று உண்டு. வகையை எழுதி முதல் தரவுத்தளத்துக்குப் பயன்படுத்துவார்கள், நன்றாக ஓடும். இரண்டாவதைச் சேர்த்ததும், இந்த ரிசோர்ஸ் ஏற்கெனவே அறிவிக்கப்பட்டிருக்கிறது என்று கருவி நின்றுவிடும். உள்ளே எங்கோ ஒரு கோப்புக்கு நிலையான பெயரைக் கொடுத்திருப்பார்கள். முதல் தரவுத்தளமும் இரண்டாவதும் அதே கோப்பை உரிமை கோருகின்றன.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் இருக்கிறது. ஒரே கோப்பைப் பற்றிக் கேட்டலாக்கில் இரண்டு கூற்றுகள் இருந்து, ஒன்று "யாரும் படிக்கலாம்" என்றும் மற்றொன்று "உரிமையாளர் மட்டும் படிக்கலாம்" என்றும் சொன்னால், சரியான நிலை எது? பிந்தியது வெல்லும் என்று வைத்தால், கோப்புகள் வாசிக்கப்படும் வரிசையைப் பொறுத்துப் பாதுகாப்பு மாறிவிடும். பப்பெட் அந்த ஊகத்துக்குள் போவதில்லை. ஒவ்வொரு ரிசோர்ஸுக்கும் ஒரே ஒரு அறிவிப்புதான் என்ற விதியை வைத்துக்கொண்டு, மீறினால் எந்த இயந்திரத்தையும் தொடுவதற்கு முன்பே மறுத்துவிடுகிறது.

ஆகவே வகைக்குள் இருக்கும் ஒவ்வொரு ரிசோர்ஸின் பெயரிலும், அந்த வகையைப் பயன்படுத்தும்போது கொடுக்கும் தலைப்பு எப்படியாவது கலந்திருக்க வேண்டும். 'நூலகம்' என்ற தலைப்பு, உள்ளே நூலகத்துக்கான கோப்பாக, நூலகத்துக்கான உரிமையாக விரியும். எல்லாத் தரவுத்தளங்களுக்கும் பொதுவானதை வகைக்குள் வைக்காமல் கிளாஸுக்குள் வைக்க வேண்டும்.

இடையில் ஒரு நுணுக்கமான நிலையும் உண்டு. இரண்டு தரவுத்தளங்களை ஒரே பயனர் பயன்படுத்தலாம். அப்போது பயனர் கணக்கு முழுக்கப் பொதுவும் இல்லை, முழுக்கத் தனியும் இல்லை. மைஎஸ்க்யூஎல் மாட்யூலை எழுதியவர்கள் இதை எதிர்பார்த்து, அந்தப் பயனர் அதே விவரங்களோடு ஏற்கெனவே அறிவிக்கப்பட்டிருந்தால் ஏற்றுக்கொள், இல்லையென்றால் அறிவி என்ற ஏற்பாட்டைச் செய்திருக்கிறார்கள். எது ஒன்று, எது பல என்ற கேள்விக்கு உலகம் எப்போதும் தெளிவான விடை தருவதில்லை. நல்ல வகை அந்தத் தெளிவின்மையைத் தானே சுமந்துகொள்கிறது. பயன்படுத்துபவர் தலையில் ஏற்றுவதில்லை.

வெற்றிடத்தின் எல்லை

செலானில் கணக்கு எண்ணுக்கு எத்தனை கட்டங்கள் இருக்கின்றனவோ அத்தனை இலக்கங்கள்தான் எழுத முடியும். அந்தக் கட்டங்களே ஒரு காவல். 2015இல் வந்த பப்பெட் 4, பாராமீட்டர்களுக்கு இப்படிப்பட்ட கட்டங்களைக் கொண்டுவந்தது. இந்த இடத்தில் முழு எண்தான் வரும், இங்கே வெற்றுச் சரம் வரக் கூடாது, இங்கே இந்த மூன்று சொற்களில் ஒன்றுதான் வரும் என்று வரையறையிலேயே எழுதிவிடலாம். மறு ஆண்டு முதல் அந்த எல்லைகளுக்குப் பெயர் சூட்டி, பல இடங்களில் பயன்படுத்தவும் வழி வந்தது.

பரவலாகப் பயன்படும் எடுத்துக்காட்டு போர்ட் எண். டிசிபி நெறிமுறையில் போர்ட் எண்ணுக்கு ஒதுக்கப்பட்ட இடம் 16 பிட். ஆகவே அது 0 முதல் 65535 வரைதான் இருக்க முடியும். பப்பெட்டின் பொது நூலக மாட்யூலில் 'போர்ட்' என்ற பெயரில் இந்த எல்லை ஒரே வரியில் எழுதப்பட்டிருக்கிறது. 8080 என்று எழுத நினைத்தவர் கை தவறி 80800 என்று எழுதிவிட்டால், கேட்டலாக் தொகுக்கப்படும்போதே மறுக்கப்படும். இந்தக் காவல் இல்லாவிட்டால் அந்த எண் அமைப்புக் கோப்புக்குள் போய், சேவை மறுபடி தொடங்கும்போது விழுந்து, எங்கே தவறு என்று தேட வைக்கும்.

அனுபவத்தில் கற்ற விதிகளையும் இப்படிச் சேமிக்கலாம். மைஎஸ்க்யூஎல்லில் பயனர் பெயரின் நீளம் வெகுகாலம் 16 எழுத்துகளாக இருந்தது, 5.7.8 பதிப்பில் 32 ஆனது. மைஎஸ்க்யூஎல் மாட்யூல், ஓடும் பதிப்பைக் கேட்டறிந்து அதற்கேற்ற நீளத்தைச் சரிபார்க்கிறது. பயன்படுத்துபவருக்கு இந்த வரலாறு தெரிய வேண்டியதில்லை.

புதிய சொல்லைக் கற்பிப்பது

இதுவரை பார்த்தது, இருக்கும் வகைகளைச் சேர்த்துப் புதிய வகை செய்வது. தரவுத்தள வகை விரிந்த அந்த மூன்று ரிசோர்ஸ்களில் 'மைஎஸ்க்யூஎல் பயனர்' என்ற வகை எங்கிருந்து வந்தது? இயங்குதளத்தின் பயனர் கணக்கைப் பப்பெட் அறியும். தரவுத்தளத்துக்குள் இருக்கும் பயனரை அறியாது. அதைக் கோப்புகளாலும் சேவைகளாலும் கட்டி எழுப்ப முடியாது. இங்கே ரூபி மொழியில் ஒரு புதிய அடிப்படை வகையைக் கருவிக்குக் கற்பிக்க வேண்டும்.

அந்தக் கற்பித்தல் இரண்டு பகுதிகளாகப் பிரிகிறது. டைப் என்ற பகுதி, அந்தப் பொருளுக்கு என்னென்ன பண்புகள் உண்டு, அவற்றின் எல்லை என்ன என்று சொல்லும். ப்ரொவைடர் என்ற பகுதி, ஒரு குறிப்பிட்ட சூழலில் அவற்றை எப்படிப் பார்ப்பது, எப்படி மாற்றுவது என்று சொல்லும். பேக்கேஜ் என்ற வகை ஒன்றுதான். டெபியனில் அதை ஏப்ட் நிறைவேற்றும், ரெட் ஹேட் குடும்பத்தில் டிஎன்எஃப் நிறைவேற்றும். ப்ரொவைடர் பதில் சொல்ல வேண்டிய அடிப்படைக் கேள்விகள் மிகச் சில. பொருள் இருக்கிறதா? இல்லையென்றால் எப்படி உண்டாக்குவது? வேண்டாமென்றால் எப்படி நீக்குவது? ஒவ்வொரு பண்பின் இப்போதைய மதிப்பு என்ன, அதை எப்படி மாற்றுவது?

இவற்றில் "இப்போதைய மதிப்பு என்ன" என்பது எளிதாகத் தோன்றும். கடவுச்சொல்லை வைத்துப் பாருங்கள். தரவுத்தளம் கடவுச்சொல்லை அப்படியே வைத்திருப்பதில்லை, வைத்திருக்கவும் கூடாது. அதிலிருந்து கணக்கிட்ட ஹாஷ் மதிப்பை மட்டும் வைத்திருக்கும். ஆகவே 'மைஎஸ்க்யூஎல் பயனர்' வகை, கடவுச்சொல்லுக்குப் பதில் ஹாஷையே பண்பாக எடுத்துக்கொள்கிறது. விரும்பிய கடவுச்சொல்லின் ஹாஷைக் கணக்கிட்டு, சேமித்திருப்பதோடு ஒப்பிட்டு, வேறாக இருந்தால் மட்டும் மாற்றுகிறது. மைஎஸ்க்யூஎல்லின் பழைய முறையில் இது நன்றாக வேலை செய்தது. அங்கே ஹாஷ் என்பது எஸ்எச்ஏ-1 சார்பை இரண்டு முறை செலுத்திப் பெறுவது. ஒரே கடவுச்சொல்லுக்கு எப்போதும் ஒரே ஹாஷ் கிடைக்கும்.

2018இல் வந்த மைஎஸ்க்யூஎல் 8.0 இயல்பான முறையை மாற்றியது. புதிய முறையில் சால்ட் எனப்படும் தற்செயலான மதிப்பு ஒன்று கடவுச்சொல்லோடு கலக்கப்படுகிறது. திருட்டுப்போன ஹாஷ் பட்டியலை வைத்துக் கடவுச்சொற்களைக் கண்டுபிடிப்பதை அது வெகுவாகக் கடினமாக்குகிறது. ஆனால் ஒரே கடவுச்சொல்லுக்கு ஒவ்வொரு முறை கணக்கிடும்போதும் புதிய சால்ட், புதிய ஹாஷ். யோசிக்காமல் ஒப்பிட்டால் ஒவ்வொரு 30 நிமிடத்துக்கும் "வேறாக இருக்கிறது" என்றே விடை வரும். கருவி மாற்றிக்கொண்டே இருக்கும். பியர்ஸ் பெயரிட்ட அந்தப் பண்பு அங்கே உடைந்துபோகிறது. சால்ட்டை நிலையாக வைத்து ஒருமுறை மட்டும் ஹாஷைக் கணக்கிட்டு, அந்த ஹாஷையே விரும்பிய நிலையாக எழுதிவைத்தால் ஒப்பீடு மறுபடி நிலைபெறும். ஒரு பொருள் விரும்பிய நிலையில் இருக்கிறதா என்று கேட்டறியும் வழி கிடைத்தால்தான் அதற்கு வகை எழுத முடியும். வகை எழுதுவதில் பாதி வேலை அந்த வழியைக் கண்டுபிடிப்பதுதான்.

இல்லாமையையும் சொல்ல வேண்டும்

இன்னொரு முக்கியமான விஷயம் பலருக்குத் தாமதமாகத்தான் புரிகிறது. நூலகத் தரவுத்தளம் இனி வேண்டாம் என்று அந்த ஆறு வரிகளை அழித்துவிட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. தரவுத்தளமும் பயனரும் உரிமையும் சர்வரில் அப்படியே இருக்கும். கேட்டலாக்கில் குறிப்பிடாத பொருளைப் பப்பெட் கவனிப்பதில்லை. அதைப் பற்றி நமக்குக் கருத்தில்லை என்றே எடுத்துக்கொள்ளும். ஒன்று இருக்கக் கூடாது என்றால், இருக்கக் கூடாது என்றே எழுத வேண்டும்.

அதனால் நல்ல வகையில் இருப்பு, இன்மை என்ற இரண்டையும் ஏற்கும் பாராமீட்டர் ஒன்று இருக்கும். அதை எழுதும்போது புதிய கேள்விகள் வரும். உண்டாக்கும்போது கோப்பகம் முதலில், அதற்குள் இருக்கும் கோப்பு பிறகு; நீக்கும்போது வரிசை தலைகீழாக வேண்டும். அதைவிடப் பெரிய கேள்வி, இன்மை என்று ஒருவர் எழுதினால் அவர் எதை இழக்கச் சம்மதிக்கிறார் என்பது. பயனரையும் உரிமையையும் நீக்கினால் மறுபடி உண்டாக்கலாம். தரவை நீக்கினால் மீட்க முடியாமல் போகலாம். ஒரு குழு தன் வகையில், இன்மை என்றால் அணுகலை மட்டும் மூடு, தரவைத் தொடாதே என்று முடிவு செய்யலாம். அந்த முடிவும் அச்சடித்த பகுதியில் சேர வேண்டியது.

எத்தனை வெற்றிடங்கள்

பப்பெட்டின் அப்பாச்சி மாட்யூலில் ஓர் இணையதளத்தை அமைக்கும் வகைக்கு நூற்றுக்கும் மேற்பட்ட பாராமீட்டர்கள் உண்டு. உலகெங்கும் எத்தனையோ விதமான தேவைகளுக்குப் பயன்படும் வகை அது. அவ்வளவு திறப்பு அதற்குத் தேவைதான். ஆனால் ஒரு கல்லூரியிலோ மருத்துவமனையிலோ புதிய இணையதளம் அமைப்பவருக்கு நூறு கேள்விகள் வேண்டாம். அங்கே அந்தப் பொது வகையைச் சுற்றித் தங்களுக்கென்று ஒரு வகையை எழுதிக்கொள்வது நல்லது. தளத்தின் பெயர், கோப்புகள் இருக்கும் இடம், பொறுப்பாளர் என்று மூன்று வெற்றிடங்கள் போதும். மறைக்குறியாக்கம் கட்டாயம், பதிவேடுகள் இத்தனை நாள் இருக்கும், காப்புப்பிரதி எடுக்கப்படும் என்பவை அச்சிலேயே இருக்கட்டும். பொதுக் கருவிக்கும் தன் நிறுவனத்தின் முடிவுகளுக்கும் நடுவே இப்படி ஓர் அடுக்கை வைக்கும் முறையை 2012இல் கிரெய்க் டன் விரிவாக எழுதினார். பப்பெட் உலகில் அது பொதுவழக்கமாகிவிட்டது.

டேவிட் பார்னஸ் 1972இல் வெளியிட்ட கட்டுரை இதற்கான கோட்பாட்டைத் தருகிறது. நிரலைப் பகுதிகளாகப் பிரிக்கும்போது வேலை நடக்கும் வரிசைப்படி வெட்டாதீர்கள், மாறக்கூடிய முடிவு ஒவ்வொன்றையும் ஒரு பகுதிக்குள் மறையுங்கள் என்பது அதன் சாரம். தரவுத்தள வகையும் அதைத்தான் செய்கிறது. ஹாஷ் முறை நாளை மாறலாம். வகைக்குள் ஓரிடத்தில் மாற்றினால் போதும். இத்துறையின் பிற கருவிகளான செஃப், சால்ட் (மேலே பார்த்த ஹாஷ் சால்ட் அன்று), அன்சிபிள், டெர்ராஃபார்ம் ஆகியவற்றிலும் வேறு பெயர்களில் இதே அமைப்பு உண்டு. குபர்நெட்டிஸ் என்ற தளத்தில் பயனர்களே புதிய ரிசோர்ஸ் வகையை வரையறுக்கும் வசதி 2019இல் நிலைத்தன்மை பெற்றது. அங்கேயும் பொருளின் வடிவம் ஒரு பக்கம், அதை நிறைவேற்றும் நிரல் மறுபக்கம்.

வெற்றிடம் ஒன்றைச் சேர்ப்பது எளிது. இயல்பு மதிப்போடு சேர்த்தால் பழைய பயன்பாடுகள் எதுவும் உடையாது. எடுப்பது கடினம், ஏனென்றால் யாரோ எங்கோ அதை நிரப்பி வைத்திருப்பார்கள். ஆகவே முதலில் குறைவாகத் திறந்து, உண்மையான தேவை வந்தபின் ஒவ்வொன்றாகத் திறப்பதே பாதுகாப்பான வழி. "ஒருவேளை தேவைப்படலாம்" என்று திறந்துவைக்கும் ஒவ்வொரு வெற்றிடமும், இரண்டு சர்வர்கள் வேறுபடுவதற்கு நாமே கொடுக்கும் அனுமதி.

வரையறையில் ஒரு பிழை இருந்தால், அடுத்த அரைமணி நேரத்தில் அந்த வகையைப் பயன்படுத்தும் எல்லா சர்வர்களுக்கும் அது போய்ச்சேரும். கையால் செய்த காலத்தில் ஒரு தவறு ஒரு சர்வரோடு நின்றது; இங்கே நிற்காது. அதனால்தான் எந்த இயந்திரத்தையும் தொடாமல் கேட்டலாக்கை மட்டும் தொகுத்துச் சோதிக்கும் ஆர்ஸ்பெக்-பப்பெட் போன்ற கருவிகள் இருக்கின்றன. எதையும் மாற்றாமல், மாற்றினால் என்ன ஆகும் என்று மட்டும் சொல்லும் ஓட்டமுறையும் பப்பெட்டில் இருக்கிறது. ஓரிரண்டு சர்வர்களில் பார்த்தபின் மற்றவற்றுக்குச் செல்வதும் அவசியம். அந்தக் கவனத்தோடு எழுதினால் அதே வேகம் நமக்குத் துணையாகிறது. ஒருவர் ஓர் ஆபத்தைக் கண்டு வகைக்குள் ஒரு வரியைச் சேர்த்தால், அவரை அறியாத குழுவும், அவர் வேலையை விட்டுப் போனபின் சேருபவரும் அந்த ஆபத்திலிருந்து காக்கப்படுகிறார்கள். ஆகவே வகையை எழுத உட்காரும்போது, பாராமீட்டர் பட்டியலுக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். அதில் இடம்பெறுபவற்றை இனி மற்றவர்கள் தீர்மானிப்பார்கள். இடம்பெறாதவற்றுக்கு நீங்கள் பொறுப்பேற்கிறீர்கள்.